வட்டாரம்

இந்த ஊருக்கு வந்த புதிதில் என்னைக் குழப்பியது சீனமோ மலாயோ இல்லை, ஒரு தமிழ்ச் சொல். வட்டாரம். வானொலிச் செய்தியில் வட்டார நாடுகள், வட்டார அமைதி, வட்டார ஒத்துழைப்பு என்று நாளைக்கு நாலு தடவை வரும். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய குப்பத்தில் பிறந்தவனுக்கு வட்டாரம் அக்கரைப்பேட்டையில் தொடங்கி வேளாங்கண்ணியில் முடிந்துவிடும். ஓட்டைச் சைக்கிளில் போனாலும் மதியச் சோற்றுக்கு வீடு திரும்பிவிடலாம். சிங்கப்பூர்த் தமிழில் அதே சொல் மியன்மாரில் கிளம்பி, இந்தோனேசியாவின் கடைசித் தீவுவரை போய்த்தான் மூச்சு வாங்குகிறது. இவ்வளவு பெரிய வட்டாரத்தில் எங்கள் அம்மாவுக்கு மட்டும் இடமில்லை. தொலைக்காட்சியில் காட்டும் வரைபடம் சுமத்ராவின் மேற்குக் கரையோடு கத்தரிக்கப்பட்டிருக்கும். அதற்கு அந்தப் பக்கம் வெறும் நீலம். அந்த நீலத்தின் மறு ஓரத்தில்தான் அம்மா கருவாடு காய வைத்துக்கொண்டிருந்தாள்.

1999-ல் கப்பல் பட்டறை வெல்டராக வந்தேன். பூன் லேயில் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் பத்துப் பேர். பூன் லே என்பது ஊர்ப் பெயர் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அது சியூ பூன் லே என்ற ஆளின் பெயராம். பிஸ்கட் கம்பெனியும் ரப்பர் தோட்டமும் வைத்திருந்தவராம். எங்கள் ஊரில் ஒருவர் பெயரில் தெரு வேண்டுமென்றால் முதலில் அவர் தேர்தலில் நிற்க வேண்டும். வாரத்தில் ஆறு நாள் பூன் லே எங்களுக்கு இருட்டில்தான் தெரியும். விடியுமுன் லாரி ஏற்றிப்போகும், ஓவர்டைம் முடிந்து இருட்டியபின் இறக்கிவிடும். ஞாயிற்றுக்கிழமைதான் வெளிச்சத்தில் பார்ப்போம்: பூன் லே பிளேஸ் சந்தை, ஜூரோங் பாயிண்ட், ரயில் நிலையத்துக்குக் கீழே நின்று ஊர்க்கதை பேசும் கூட்டம். மாதத்தில் ஒரு ஞாயிறு ரயிலேறித் தேக்காவுக்குப் போய்ப் பணம் அனுப்பிவிட்டு, ஐந்து வெள்ளிக்கு ஒரு போன் கார்டு வாங்கி வருவேன். பின்பக்கப் பூச்சைச் சுரண்டி, நீண்ட எண்ணை அழுத்தினால் ஒரு பெண் குரல் இத்தனை நிமிடம் இருக்கிறது என்று சொல்லும். அந்தக் குரல் சொன்னதைவிட அஞ்சு நிமிடம் குறைவாகத்தான் எப்போதும் பேச முடிந்தது.

ஊரில் எங்கள் தெருவுக்கு ஒரே தரைவழி போன். மளிகைக்கடை அக்கா வீட்டில். நான் கூப்பிட்டால் அக்கா கடை வாசலில் நின்று ஒரு சத்தம் கொடுப்பார். அம்மா வந்து சேர்வதற்குள் கார்டில் ஒரு வெள்ளி கரைந்திருக்கும். அந்த இடைவெளியில் அக்கா பேசிக்கொண்டிருப்பார். என் கல்யாணம், சிங்கப்பூரில் மழை, புளி விலை. என் காசில் அக்காவுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது எழுதப்படாத ஒப்பந்தம்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. சந்தையில் பரோட்டாவும் தே தாரிக்கும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரில் எப்போதும் உட்காரும் மலாய்ப் பெரியவர். பாக்சிக் என்று கூப்பிடுவேன். அவர் மனைவியின் சொந்தக்காரர்கள் மேடானில் இருந்தார்கள். அன்று அவர் முகம் சரியில்லை. "அச்சே, கெம்பா. கெம்பா பெசார்" என்றார். பெசார் என்றால் பெரிது, அது தெரியும். கெம்பா தெரியாது. நான் விழிப்பதைப் பார்த்து அவர் தன் கண்ணாடித் தம்ளரை மேஜையில் வைத்து இரு கையாலும் குலுக்கிக் காட்டினார். தே தாரிக் தளும்பி மேஜையில் ஓடி, என் சட்டைப்பக்கம் வந்தது. பூகம்பம் என்று புரிந்தது. காகிதம் எடுத்துத் துடைத்தோம்.

பின்னாளில் பல நாடுகள் சேர்ந்து கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய முன்னெச்சரிக்கை அமைப்பு எனக்கு அன்று இலவசமாகக் கிடைத்தது. கடலுக்கடியில் பூமி குலுங்கியது, தளும்பிய நீர் கரை தாண்டி என்னை நோக்கி வந்தது. முழு விளக்கமும் மேஜைமேல் இருந்தது. நான் சட்டையை நகர்த்திக்கொண்டேன்.

பத்தரை மணிக்குப் போன் செய்தேன். ஊரில் எட்டு மணி. அக்கா எடுத்தார், சத்தம் கொடுத்தார். அம்மா வந்ததே அவசரத்தில். கீழ்வேளூரில் ஒரு சொந்தக்காரருக்குக் கருமாதி, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம். "இங்க பக்கத்து நாட்டுல பூகம்பமாம்மா" என்றேன். "உனக்கு ஒண்ணும் இல்லையே?" "இல்ல." "சரி, வெய்யி. காச வீணாக்காத." பக்கத்திலிருந்த அக்காவிடம் அவள் சொல்வது கேட்டது: சிங்கப்பூருல பூமி ஆடுச்சாம். அக்காவின் குரலும் கேட்டது: "தம்பிய பத்திரமா இருக்கச் சொல்லு."

அம்மா பஸ் ஏறிவிட்டாள். ஒரு சாவு வீடு அவளை உள்ளே இழுத்துப் போட்டுக் காப்பாற்றியது. ஊரில் ஒன்பது மணி வாக்கில் கடல் ஏறியது. மத்தியானம் பூன் லேயில் தொலைக்காட்சிமுன் நின்றபடி நான் கார்டை அழுத்தினேன். குரல் வந்தது, உங்களுக்கு முப்பத்தோரு நிமிடம் இருக்கிறது என்றது. லைன் போகவில்லை. மூன்று நாள் அந்த முப்பத்தோரு நிமிடமும் குறையாமல் இருந்தது. நான்காம் நாள், திருவாரூரிலிருந்து யாரோ ஒருவர் போனில் அம்மா கூப்பிட்டாள். போன் இருந்த வீடு இல்லை என்றாள். அக்காவும் இல்லை.

நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். அதற்கு என்ன பெயர் என்றுகூட எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. ஆழிப்பேரலை, கடல்கோள் என்று பழைய சொற்களைப் புலவர்கள் பிறகு தூசு தட்டி எடுத்தார்கள். இதில் ஒரு வேடிக்கை. அதே 2004-ன் செப்டம்பரில்தான் வங்கக்கடலையும் அரபிக்கடலையும் சுற்றியுள்ள எட்டு நாடுகள் கூடி, புயல்களுக்குப் பெயர் வைக்க ஆரம்பித்திருந்தன. பட்டியல் தயார். இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, வங்கதேசம் எல்லாரும் சண்டையில்லாமல் உட்கார்ந்து முடித்த காரியம். மூன்று மாதத்தில் பட்டியலில் இல்லாதது வந்தது.

அன்று காலை யாருக்கெல்லாம் என்னென்ன தெரிந்திருந்தது என்பதைப் பிறகு படித்துப் படித்துச் சேர்த்து வைத்திருக்கிறேன். சிலர் தபால்தலை சேர்ப்பார்கள். சிங்கப்பூர் நேரம் 8:58-க்குச் சுமத்ராவுக்கு மேற்கே பூமி பிளந்தது. கால்மணி நேரம் கழித்து, 9:14-க்கு, ஹவாயில் இருந்த பசிபிக் எச்சரிக்கை மையம் ஓர் அறிக்கை அனுப்பியது: பசிபிக் பெருங்கடலுக்கு ஆபத்தில்லை. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. இந்தியப் பெருங்கடலில் யாரைக் கூப்பிடுவது என்று அவர்களிடம் எண் இல்லை. கார் நிக்கோபாரின் விமானப்படைத் தளம் தண்ணீரில் போனபோது தமிழ்நாட்டுக் கரைக்கு இன்னும் நேரம் இருந்தது. டில்லி வானிலைத் துறை நிலநடுக்கத் தகவலை அமைச்சருக்கு ஃபேக்ஸில் அனுப்பியது. அது ஆட்சி மாறி ஏழு மாதம் ஆகியும் பழைய அமைச்சருக்குப் போய்ச் சேர்ந்தது என்று பத்திரிகைகள் எழுதின. ஃபேக்ஸ் இயந்திரத்தைக் குறை சொல்ல முடியாது. அது நினைவில் இருந்த எண்ணுக்கு விசுவாசமாக இருந்தது.

இன்னொன்று. கெர்ரி சீ என்ற அமெரிக்க நிலவியலாளர், மெந்தாவாய்த் தீவுகளின் பவளப்பாறைகளை மரத்தின் வளையம்போல வாசித்து, அங்கே பெரிய நிலநடுக்கங்கள் முறை வைத்து வருகின்றன என்று கண்டவர். 2004-ன் நடுவில், பேரலைக்குச் சில மாதம் முன்பு, அவரும் கூட்டாளிகளும் அந்தத் தீவுகளில் சுவரொட்டியும் துண்டறிக்கையும் கொடுத்துக்கொண்டு போனார்கள்: பூமி ஆடினால் மேட்டுக்கு ஓடுங்கள் என்று. மெந்தாவாய்க்காரர்களுக்கு வட்டாரத்தில் இடம் கிடைத்தது. அந்த ஆண்டு அலை அடித்ததோ வடக்கே அச்சேயில். சில ஆண்டுகளில் அவர் சிங்கப்பூர் வந்து, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் புவி ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ஆனார். பூன் லே பேருந்து நிலையத்தில் 179-ல் ஏறினால் அந்த வளாகம். நான் எத்தனையோ முறை அதே பேருந்தில் ஏறி, பாதி வழியில் இறங்கியிருக்கிறேன்.

என் சேகரிப்பில் என்னைத் தூங்கவிடாத உருப்படி நல்லவாடு. புதுச்சேரிக்குத் தெற்கே மீனவ ஊர். அந்த ஊர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். என்னைப் போலவே. அச்சே செய்தி கேட்டு வீட்டுக்குப் போன் செய்தார். என்னைப் போலவே. வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது என்று தங்கை சொன்னாள். ஓடு, ஊரையும் கூப்பிடு என்றார் அவர். ஊரில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையம் இருந்தது. அதன் கதவை உடைத்து ஒலிபெருக்கியில் கத்தினார்கள். 3,600-க்கு மேற்பட்டவர்கள் இருந்த ஊரில் ஓர் உயிரும் போகவில்லை. படகுகளும் வீடுகளும் போயின. அந்த நிறுவனத்தின் மையங்கள் பேரிடருக்காக வைத்தவையும் அல்ல. பக்கத்து வீராம்பட்டினத்து மையத்தைப் பாருங்கள்: அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தைப் பார்த்து அலை எத்தனை உயரம் என்று தினமும் மீனவர்களுக்கு அறிவிப்பதுதான் அதன் பிழைப்பு. அமெரிக்கக் கடற்படைக்கு அது தெரிந்திருந்தால் மகிழ்ந்திருக்கும், அல்லது கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருக்கும்.

எங்கள் ஊரிலும் ஒலிபெருக்கி இருந்தது. மாரியம்மன் கோயிலில். ஆடி மாதம் மட்டும் பேசும்.

அதன் பிறகு உலகம் எங்களைக் கண்டுபிடித்தது. சிங்கப்பூரின் கப்பலும் ஹெலிகாப்டர்களும் அச்சேயின் மெலாபோவுக்குப் போயின. ஜூரோங் பாயிண்டில் உண்டியலோடு நின்ற பள்ளிப் பிள்ளைகள் எங்களிடமும் குலுக்கினார்கள், நாங்களும் போட்டோம். 2005 ஜூலையில் வியஞ்சானில் ஆசியான் நாடுகள் பேரிடர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அது நடைமுறைக்கு வந்தது 2009 டிசம்பர் 24-ல். நாலரை ஆண்டு. பேரலை அதே கடலை இரண்டரை மணி நேரத்தில் கடந்தது என்று ஒப்பிடுவது நியாயமில்லை, அதற்குக் கையெழுத்து வாங்கும் வேலை இல்லை. 2007-ல் ஹைதராபாத்தில் இந்தியாவின் சுனாமி மையம். 2011-ல் ஜகார்த்தாவில் ஆசியானின் பேரிடர் ஒருங்கிணைப்பு மையம். அதே ஆண்டில் இந்தியா, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா மூன்றும் இந்தியப் பெருங்கடல் முழுவதற்கும் எச்சரிக்கை தரும் பொறுப்பை ஏற்கத் தொடங்கின. 2014-ல் சாங்கியில், பல நாட்டு ராணுவத்தார் ஒன்றாக உட்கார்ந்து நிவாரணத்தை ஒருங்கிணைக்க ஒரு மையம். முன்பு சொல்ல ஆளில்லை. இப்போது மூன்று நாடுகள் ஒரே செய்தியை மூன்று முறை சொல்கின்றன. குறையாகச் சொல்லவில்லை. ஒரு வீட்டில் மூன்று மாமியார் இருந்தால் அடுப்பில் பால் பொங்காது.

எல்லா ஒப்பந்தமும் நாலரை ஆண்டில் முடிவதில்லை என்பதைப் புகைமூட்டம் சொல்லித்தந்தது. எல்லை தாண்டும் புகைக்கு ஆசியான் 2002-லேயே ஒப்பந்தம் போட்டது. புகை கிளம்பும் நாடு அதை ஏற்றது 2014-ல். இடையில் 2013 ஜூனில் பூன் லேயில் எதிர் புளோக் தெரியவில்லை. முகக்கவசத்துக்கு வரிசையில் நின்றபோது பாக்சிக்கைப் பார்த்தேன். இரண்டு கையையும் விரித்து, கண்ணை மூடிக் காட்டினார். அவருடைய அறிவிப்புகள் எப்போதுமே சுருக்கம்.

என் பெர்மிட் எஸ் பாஸாகி, எஸ் பாஸ் பிஆராகி, ஒரு கல்யாணமும் ஆகி, இப்போது பூன் லேயிலேயே பதினோராம் மாடியில் சொந்த வீடு. வெல்டர் இப்போது பாதுகாப்பு மேற்பார்வையாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் பேட்டையின் அவசரநிலை ஆயத்தக் குழுவில் தொண்டூழியர், மஞ்சள் மேலங்கி சகிதம். பயிற்சி நாளில் சமூக மன்றத்தின் கூடைப்பந்துத் திடலில் சிலர் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு படுத்திருப்பார்கள். நாங்கள் அவர்களைத் தூக்குவோம். எடை குறைந்த 'காயக்காரரை' யார் தூக்குவது என்பதில்தான் ஒத்துழைப்பு கொஞ்சம் தடுமாறும். முடிந்ததும் பீஹூன் பொட்டலம், ஒரு துணிப்பை, பைக்குள் ஒரு கைவிளக்கு. என் வீட்டில் ஏழு கைவிளக்கு இருக்கிறது. பேரிடர் வராத ஒரு ஊர் இவ்வளவு தயாராக இருப்பதைப் பார்க்கையில், சோறு மிஞ்சுகிற வீட்டில்தான் கலியாணச் சமையல்காரர் குடியிருக்கிறார் என்று தோன்றும்.

1998-க்குப் பிறகு கட்டிய வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் தடித்த சுவரும் இரும்புக் கதவுமாக ஒரு சிறு அறை உண்டு. குண்டு விழுந்தால் குடும்பம் ஒதுங்க. எங்கள் வீட்டில் அதில் குடியிருப்பவை இரண்டு மூட்டை பொன்னி அரிசி, மூன்று சூட்கேஸ், தீபாவளி முறுக்கு டின், அந்த ஏழு கைவிளக்குகள். குண்டு விழுந்தால் முறுக்கு தப்பிக்கும். பாதாள ரயில் நிலையங்கள் சிலவற்றையும் தஞ்சமிடமாகக் கட்டியிருக்கிறார்கள். பூன் லே நிலையமோ தூணில் ஏறி நிற்கிறது. ஆண்டுதோறும் பிப்ரவரி 15-ல், முழுமைத் தற்காப்பு தினத்தில், மாலை 6:20-க்குச் சங்கு ஊதுவார்கள். 1942-ல் சிங்கப்பூர் விழுந்த நேரம் அது. சந்தையில் யாரும் தலை நிமிர்வதில்லை. ஒத்திகை என்பது எல்லாருக்கும் தெரியும். அவ்வளவு நல்ல ஒத்திகை.

சுமத்ரா குலுங்கும்போது இங்கே எல்லா இடமும் ஆடாது. களிமண் படிந்த பகுதிகளின் உயரக் கட்டடங்கள்தான் அதிகம் உணரும். 2007-ல் நகரத்தில் அலுவலகம் அலுவலகமாக ஆட்கள் இறங்கித் தெருவில் நின்றார்கள். ஜூரோங் பக்கம் அடியில் பாறை. பூன் லேயில் என் கோப்பியில் வளையம்கூட எழவில்லை.

அம்மா இப்போது கடலிலிருந்து தள்ளி, பேரலைக்குப் பிறகு கட்டிக் கொடுத்த குடியிருப்பில் இருக்கிறாள். எங்கள் பக்கம் பஸ்ஸில் "சுனாமி நகர் ஒண்ணு" என்று டிக்கெட் கேட்பார்கள். விழுங்கியதன் பெயரையே வீட்டுக்கு வைத்துக்கொண்டு அதில் கோலமும் போடுகிறார்கள். அவளுக்கு நான் வாங்கிக் கொடுத்த போன் 2023 அக்டோபரில் ஒரு நாள் திடீரென்று அலறியது. தமிழ்நாடு முழுக்க எல்லாக் கைப்பேசிக்கும் ஒரே நேரத்தில் போன சோதனை எச்சரிக்கை. தமிழில்தான் எழுதியிருந்தது. அம்மா படிக்கவில்லை. போன் வெடிக்கப்போகிறது என்று தண்ணீர்க் குடத்துக்குள் போட்டுவிட்டாள். எச்சரிக்கைக்கு உடனடியாகச் செயல்பட்டவர்கள் பட்டியல் யாராவது எடுத்தால் அவள் பெயர் மேலே வரும்.

இந்த இயந்திரங்களைப் பற்றி அவளுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. நடுக்கடலில் மிதவை போட்டு அலையை அளப்பார்கள் என்று ஒருமுறை விளக்கினேன். கேட்டுவிட்டு, "அதுல மீன் அடையுமே" என்றாள். மிதக்கிற எதற்கும் கீழே மீன் சேரும், மீன் சேர்ந்தால் படகு வரும், படகு வந்தால் அதில் கயிறு கட்டுவான். அவள் சொன்னதுதான் நடந்தது. மிதவைகளை மீன்பிடிப் படகுகள் சேதப்படுத்துகின்றன என்பது எல்லா நாட்டு விஞ்ஞானிகளின் பொதுப் புலம்பல். இந்தோனேசியாவில் போட்ட 22 மிதவைகளில் 2012-க்குப் பிறகு ஒன்றுகூட வேலை செய்யவில்லை என்று அந்த நாட்டுப் பேரிடர் துறைப் பேச்சாளரே 2018-ல் சொன்னார். சேதத்தோடு பணமில்லாததும் பராமரிப்பில்லாததும் சேர்ந்துகொண்டன. கருவாட்டுக்காரி ஒருத்தியை அந்தக் கூட்டத்தில் உட்கார வைத்திருக்கலாம்.

2012 ஏப்ரல் 11-ல் சுமத்ராவுக்கு மேற்கே 8.6. இம்முறை எல்லா மையங்களும் விழித்திருந்தன. கரையோரத் தமிழ்நாடு மேட்டுக்கு ஓடியது. பூமித் தட்டுகள் மேலெழும்பாமல் பக்கவாட்டில் உரசியதால் பெரிய அலை எழவில்லை. சில மணி நேரத்தில் எச்சரிக்கை விலகியது. அமைப்பு சரியாக வேலை செய்த நாள் அது. ஊரில் அதை 'பொய் சுனாமி' என்கிறார்கள். வந்தால் ஏன் சொல்லவில்லை, வராவிட்டால் ஏன் சொன்னாய். இந்த இரண்டுக்கும் நடுவில் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு ஹைதராபாத்தில் என்ன சம்பளம் கொடுத்தாலும் தகும்.

பிறகு கஜா. பெயர் கொடுத்தது இலங்கை. எட்டு நாடுகள் வளர்ந்து இப்போது பதின்மூன்று நாடுகள் பெயர் தருகின்றன. 2018 நவம்பர் 16 விடிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. முந்தின நாள் முழுக்கக் கூப்பிட்டேன். முகாமுக்குப் போ என்று கெஞ்சினேன். செயற்கைக்கோள் படம் அனுப்பினேன். "77 புயல பாத்தவ நான்" என்றாள். 1977-ல் நாகையைப் புரட்டிய புயலுக்குப் பெயரே கிடையாது. அம்மாவுக்கு அதுதான் நிஜமான புயல். பெயர் வைத்ததெல்லாம் பிற்பாடு வந்த பொடிசுகள்.

அவளை அழைத்துப் போனது அக்காவின் மகள். 2004-ல் அரையாண்டு விடுமுறைக்குத் திருவாரூர் அத்தை வீட்டுக்குப் போயிருந்ததால் தப்பியவள். இப்போது எங்கள் ஊரில் பேரிடர்க்கால முதல்நிலைப் பொறுப்பாளர்களில் ஒருத்தி. பயிற்சி எடுத்திருக்கிறாள், கையில் பேட்டரி மைக் இருக்கிறது. அம்மாவிடம் மைக்கை எடுக்கவில்லையாம். வாசலில் நின்று, "பெரியம்மா, ஏந்திரி" என்றாளாம். அம்மா ஏந்திரித்துப் போய்விட்டாள். ஹைதராபாத்திலிருந்தும் டில்லியிலிருந்தும் சென்னையிலிருந்தும் என்னிடமிருந்தும் வந்த செய்தி அதேதான். அந்தப் பெண் தன் அம்மா இல்லாமல் அந்த வாசலில் வந்து நின்றாள், அது ஒன்றுதான் கூடுதல்.

அன்றிரவு நான் தூங்கவில்லை. வானவில் நிறத்தில் சுழலும் ஒரு வரைபடத்தைப் போனில் விரித்து வைத்துக்கொண்டு, சிங்கப்பூர் நேரம் மூன்று மணியிலிருந்து புயலின் கண் எங்கள் ஊர்ப்பக்கம் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2004-ல் எதுவும் தெரியாமல் பரோட்டா தின்றவனுக்கு இப்போது மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதுவரை தெரிந்தது. ஒன்றும் செய்ய முடியவில்லை. காலையில் லைன் இல்லை. தென்னைகள் லட்சக்கணக்கில் சாய்ந்திருந்தன, மின்கம்பங்கள் மட்டும் லட்சத்துக்கு மேல். அம்மாவுக்கு மூன்று எண்கள், அக்காவின் மகளுக்கு இரண்டு. ஐந்தும் செத்துக் கிடந்தன. ஒரு காலத்தில் ஒரு போன் செத்தது. முன்னேற்றம்தான்.

நாகைத் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். ஒன்று முதல் பதினொன்று வரை எண். சின்ன வயதில் ஒன்பது, பத்து என்றால் நடுங்குவோம். பதினொன்று அதைவிடப் பெரிய புயலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்பாதான் சொன்னார்: பதினொன்று புயலே இல்லை. வானிலை நிலையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, இனி என்ன வருமென்று தெரியாது என்பதற்கான குறி. இந்த வீடு பதினோராம் மாடி என்று ஏஜென்ட் சொன்னபோது அதை நினைத்துக்கொண்டேன், ஆனால் விலை தோதாக இருந்தது.

நவம்பர் 5-ஐ உலகச் சுனாமி விழிப்புணர்வு நாளாக ஐ.நா. வைத்திருக்கிறது. 1854-ல் ஜப்பானில் ஒரு ஊர்ப் பெரியவர், அலை வருவதை உணர்ந்து, அறுத்து வைத்திருந்த நெற்கட்டுகளுக்குத் தீ வைத்து ஊரை மேட்டுக்கு வரவழைத்ததன் நினைவு. இதை அம்மாவிடம் சொன்னேன். "கொளுத்துனாத்தான் வருவானுவ" என்றாள். "அல வருதுன்னு சொன்னா பாக்கப் போவானுவ, நெல்லு எரியுதுன்னா அணைக்க வருவானுவ." ஒரு நொடியில் முடித்துவிட்டாள். நான் அந்தக் கதைமேல் அரை மணி நேர உரை தயாரித்து வைத்திருந்தேன்.

போன மாதம் ஒரு ராத்திரி அவளே கூப்பிட்டாள். இப்போதெல்லாம் காசு கணக்கில்லை, அவள்தான் கூப்பிடுகிறாள்.

"தம்பி, சுமத்ராவுல ஆடுதாம்ல?"

"யாரும்மா சொன்னா?"

"போன்ல வந்துச்சு. நம்ம கரைக்கு ஒண்ணும் இல்லயாம், பொண்ணு படிச்சுச் சொன்னுச்சு. நீ எத்தனாவது மாடி?"

"பதினொண்ணு. இங்க ஒண்ணும் ஆடலம்மா. இங்க பாறை."

"எறங்கு."

"ஆடவே இல்லங்கிறேன்."

"ஆடுனப்புறம் எறங்க முடியாது. லிஃப்டுல போவாத. படியில போ. பொண்ணுதான் சொல்லிக் குடுத்துச்சு. போன வெக்காத."

மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். மஞ்சள் மேலங்கி கதவின் பின்னால் தொங்கியது. ஆடும்போது இறங்கக் கூடாது, மேஜைக்கடியில் ஒதுங்க வேண்டும் என்பதுதான் எங்கள் குழுவின் பாடம். அதை நானே பத்துப் பேருக்கு நடத்தியிருக்கிறேன். சட்டையை மாட்டிக்கொண்டு படியில் இறங்கினேன். "எத்தனாவது?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். ஒன்பது. எட்டு. ஏழாம் மாடியில் ஒரு சீனப் பாட்டி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, கைவிளக்கு வேண்டுமா என்று சைகையில் கேட்டார். வீட்டில் ஏழு இருப்பதைச் சொல்லத் தெரியாமல் வாங்கிக்கொண்டேன். நான்காம் மாடித் திருப்பத்தில் லைன் அறுந்தது. அந்த இடத்தில் எப்போதும் சிக்னல் இருக்காது. ஏறினால் கிடைக்கும். இறங்கினாலும் கிடைக்கும். திரும்பக் கூப்பிட்டால் கேட்பாளே என்று மீதியையும் இறங்கினேன்.